சமவெளிக் கால்களும் சம்மேத சிகரமும்

கங்கையின் கிளையான ஹூக்ளி ஆறு பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டலின் மேல் அமர்ந்திருக்கும் கொல்கத்தா, கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ள நகரம். அதன் எல்லைக்குள் பாறை என்று சொல்லத்தக்கது ஒன்றும் இல்லை, நடப்பவரை மூச்சு வாங்க வைக்கும் மேடும் இல்லை. தென்கொல்கத்தாவின் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றியும், நகரின் நடுவே விரிந்து கிடக்கும் மைதான் புல்வெளியிலும் விடியற்காலையில் ஆயிரக்கணக்கானோர் நடக்கிறார்கள். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்காக ஒரு நாளும் தவறாமல் நடப்பவர்கள். ஆயினும் அந்தக் கால்கள் இரண்டு உழைப்புகளை மட்டும் அறியாமலே இருந்துவிடுகின்றன: தன் எடையைத் தானே தூக்கிக்கொண்டு மேலே போவது ஒன்று, தூக்கிய எடையைத் தாங்கிப் பிடித்துப் பதமாகக் கீழே இறக்குவது மற்றொன்று. இவ்விரண்டில் முன்னதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். பின்னதே கடினமானது என்பதை மலை மட்டுமே கற்றுத் தருகிறது.

மலையில்லாத இந்த நகரம் மலையோடு கொண்ட உறவு பழையது. இமயத்தின் பதினைந்தாம் எண் சிகரமே உலகில் மிக உயர்ந்தது என்பதை 1850-களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் கண்ட ராதாநாத் சிக்தார் வங்காளி. அந்தச் சிகரம் பிற்பாடு எவரெஸ்ட் என்று பெயர் பெற்றது. 1954-இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டு, டென்சிங் நோர்கே அதன் களப்பயிற்சிக்குப் பொறுப்பேற்ற பின்னர், மலையேற்றம் என்பது படைவீரர்களுக்கும் வெளிநாட்டாருக்கும் உரியது என்ற எண்ணம் வங்காள நடுத்தர வீடுகளில் மெல்ல மாறியது. 1960-இல் சுகுமார் ராய் தலைமையில், ஆனந்த பஜார் பத்திரிகையின் ஆதரவோடு கொல்கத்தாவிலிருந்து புறப்பட்ட குழு 6,309 மீட்டர் உயரமுள்ள நந்தா குண்டி சிகரத்தை எட்டியது. படைத்துறை சாராத இந்தியர் நடத்திய தொடக்ககால மலையேற்றங்களுள் அது முன்னோடியாகக் கருதப்படுகிறது. அலுவலகத்தில் கோப்பு பார்ப்பவரும் பள்ளியில் பாடம் நடத்துபவரும் ஆண்டு விடுமுறையைச் சேர்த்துவைத்து இமயத்துக்குப் போகும் வழக்கம் அதன்பின் வலுப்பட்டது. அந்தப் பெரிய பயணங்களுக்கு உடலை ஆயத்தப்படுத்த, ஓர் இரவு ரயில் தூரத்தில் உள்ள சிறிய மலைகள் தேவைப்பட்டன.

அருகிலுள்ள மலைக்குப் போனால் உடம்பு தேறும் என்ற நம்பிக்கை அதற்கும் முந்தியது. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சிக்கிம் அரசரிடமிருந்து டார்ஜிலிங்கைப் பெற்றதே நோயுற்ற படைவீரர்கள் தேறுவதற்கு ஓர் ஓய்வுத்தலம் வேண்டும் என்ற காரணத்தைச் சொல்லித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் பாதைகள் மேற்கே நீண்டபோது, ‘ஹாவா பதல்’ எனப்படும் காற்றுமாற்றம் வங்காள வாழ்க்கையின் ஓர் அங்கமாயிற்று. மலேரியாவாலும் வயிற்றுக்கோளாறாலும் இளைத்தவர்கள் மதுபூர், தேவ்கர், கிரிதி ஆகிய ஊர்களில் வீடு எடுத்துத் தங்கி, கிணற்று நீரைக் குடித்து, காலையும் மாலையும் நடந்து உடம்பைத் தேற்றிக்கொண்டார்கள். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் 1937-இல் மறைந்தது கிரிதியில்தான். சத்யஜித் ராய் படைத்த பேராசிரியர் ஷோங்கு என்னும் கற்பனை விஞ்ஞானியும் கிரிதிவாசியே. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள அந்தக் கிரிதி மாவட்டத்தில்தான் பாரசநாத் மலை நிற்கிறது. 1860-களில் ஐரோப்பியப் படைவீரர்கள் நோய்தீர்ந்து தேறுவதற்கான விடுதி ஒன்று அம்மலைமேல் நடத்தப்பட்டு, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. ஆக, உடல்நலத்தைக் கருதிக் கொல்கத்தா இம்மலையை நாடியது இன்று நேற்றல்ல.

கொல்கத்தாவின் நடைப்பிரியர்கள் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கும் மலைகள் மூன்று வகை. பாங்குரா மாவட்டத்தின் சுசுனியா சுமார் 440 மீட்டர் உயரமே உடையது. சந்திரவர்மன் என்னும் அரசனின் நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டைத் தாங்கிய அதன் பாறைகளில்தான் நகரத்து மலையேற்றச் சங்கங்கள் பல தலைமுறைகளாகக் குளிர்காலப் பாறையேற்ற முகாம்களை நடத்திவருகின்றன. புருலியா மாவட்டத்து அயோத்தியா மலைத்தொடரும் ஜெய்சண்டி பாறைக்குன்றும் இரண்டாம் வகை. பின்னது சத்யஜித் ராய் இயக்கி 1980-இல் வெளிவந்த ‘ஹீரக் ராஜார் தேஷே’ படத்தில் இடம்பெற்ற குன்று. இவை கைகளுக்கும் துணிவுக்கும் நல்ல பயிற்சி தரும். ஆனால் நாள் முழுதும் ஏறி இறங்கி, இதயமும் தொடையும் பொறுமையும் ஒருசேரச் சோதிக்கப்பட வேண்டுமென்றால், 1,365 மீட்டர் உயரமுள்ள பாரசநாத்தை விட்டால் இந்தப் பக்கத்தில் வேறு மலை இல்லை. அடிவார ஊரான மதுபனிலிருந்து மேலே ஏற ஒன்பது கிலோமீட்டர், மேலே முகட்டு வழியாகச் சுற்றிவர ஒன்பது கிலோமீட்டர், திரும்ப இறங்க ஒன்பது கிலோமீட்டர் என்று இருபத்தேழு கிலோமீட்டர் நடையை ஒரே நாளில் முடிக்கும் மரபு அங்கே நூற்றாண்டுகளாக இருக்கிறது. அந்த மரபை வகுத்தவர்கள் உடற்பயிற்சியாளர்கள் அல்லர், சமண யாத்திரிகர்கள்.

சமவெளியில் இருந்துகொண்டு அந்த இருபத்தேழு கிலோமீட்டருக்குத் தயாராவது எப்படி என்பதற்குக் கொல்கத்தா கண்டுள்ள விடை, அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படி. ஒரு தளத்துக்கு மூன்று மீட்டர் உயரம் என்று வைத்தால், பத்து மாடிக் கட்டடம் முப்பது மீட்டர். மதுபனிலிருந்து சிகரம் வரை ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் என்பதால், அந்தக் கட்டடத்தை முப்பத்துமூன்று முறை ஏறினால் மலைக்கு ஈடாகும். இதை ஒரே நாளில் யாரும் செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், முதலில் ஐந்து முறை, பிறகு எட்டு, பத்து என்று கூட்டிக்கொண்டே போய், இறுதி வாரங்களில் முதுகுப்பையில் இரண்டு மூன்று தண்ணீர்ப் போத்தல்களைச் சுமந்து ஏறுவார்கள். உடலுக்கு வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலான வேலையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, ஓய்வு நாட்களில் தசை தன்னைத் தானே திடப்படுத்திக்கொள்ள விடுவதுதான் உடலைப் பக்குவப்படுத்துதல் என்பதன் சாரம். ஆனால் இந்த மாடிப்படிப் பயிற்சியில் ஒரு பிழை பரவலாகக் காணப்படுகிறது. ஏறுவது மட்டுமே பயிற்சி, இறங்குவது வெறும் திரும்பும் வழி என்று எண்ணி, பத்தாம் மாடியில் மின்தூக்கியில் நுழைந்து தரைத்தளத்துக்கு வந்து மறுபடியும் ஏறுகிறார்கள். மூச்சு பழகிவிடுகிறது, தொடை பழகுவதில்லை. மலையில் அந்தக் கணக்கு பிற்பகலில் வெளிப்படும்.

ஹௌராவிலிருந்து இரவில் புறப்படும் ரயில்கள் பல, கயா வழியாக தில்லி நோக்கிச் செல்லும் ‘கிராண்ட் கார்ட்’ பாதையில் பாரசநாத் நிலையத்தில் நிற்கின்றன. 1906-இல் திறக்கப்பட்ட இந்தப் பாதை சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் ஓரமாக ஏறிச் செல்கிறது. அந்த இரவு ரயில்களுள் நெடுங்காலம் கால்கா மெயில் என வழங்கி, 2021-இல் நேதாஜி எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றப்பட்ட ரயிலுக்கு ஒரு சரித்திரம் உண்டு: 1941 ஜனவரியில் கொல்கத்தா எல்ஜின் சாலை வீட்டுக்காவலிலிருந்து மறைந்து வெளியேறிய சுபாஷ் சந்திர போஸ், இப்பாதையில் பாரசநாத்துக்குச் சற்று முன்னால் உள்ள கோமோ நிலையத்தில்தான் அந்த ரயிலில் ஏறினார். சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தை ரயில் கடந்து முடிக்கையில் இரவு இன்னும் மிச்சமிருக்கும். நிலையத்திலிருந்து மதுபன் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். ஜீப்பிலும் வேனிலும் சால் மரக்காடுகளின் ஊடே போகும் சாலை அது. தமிழில் குங்கிலிய மரத்தின் இனத்தைச் சேர்ந்ததாகச் சொல்லத்தக்க இந்தச் சால், மார்ச்சில் இலையுதிர்ந்து பூக்கும்போது காடே வெளிறிய மஞ்சளாகிவிடும். பயிற்சிக்கு வருபவர்கள் ஒரு நாள் முன்னதாகவே வந்து, யாத்திரிகர் விடுதியான தர்மசாலையில் தங்கி, சமண முறைப்படி சூரியன் மறைவதற்கு முன் உணவை முடித்துக்கொண்டு உறங்கிவிடுவது மேல். ரயிலிலிருந்து இறங்கிய கண்ணோடு நேரே மலையேறுவோரின் கால்கள் பகல் பத்து மணிக்கே தளர்ந்துவிடுகின்றன.

இந்த மலை எத்தகையது என்பதை அறியாமல் இதில் கால் வைப்பது முறையன்று. சமணர்கள் இதனைச் சம்மேத சிகரம் என்று வழங்குகிறார்கள். சமண சமயத்தின் வழிகாட்டிகளான இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களுள் ஆதிநாதர் கயிலாயத்திலும், வாசுபூஜ்யர் சம்பாபுரியிலும், நேமிநாதர் கிர்நாரிலும், மகாவீரர் பாவாபுரியிலும் வீடுபேறு அடைய, மற்ற இருபதின்மரும் இம்மலைமேல்தான் அடைந்தனர் என்பது சமண மரபு; இருபத்துமூன்றாமவரான பார்சுவநாதரின் பெயரே மலையின் பெயராயிற்று. முகடு நெடுக ‘டோங்க்’ எனப்படும் சிறு சன்னிதிகள் இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலும் உருவச்சிலை இராது, பளிங்கில் செதுக்கிய திருவடிகளே இருக்கும். வந்தவாசிக்கு அருகே பொன்னூர் மலையில் ஆசாரிய குந்தகுந்தரின் பாதங்களை வணங்கும் தமிழ்ச் சமணர்களுக்கு இவ்வழிபாடு புதிதன்று. அவர்களும் தலைமுறை தலைமுறையாகச் சம்மேத சிகர யாத்திரைக்கு வருபவர்களே. இதே மலை சந்தால் பழங்குடி மக்களுக்கு மராங் புரு, அதாவது பெருமலை. அவர்களுடைய முதற்கடவுளின் பெயரும் உறைவிடமும் அதுவே. இருவேறு மக்களுக்குப் புனிதமான ஓர் இடத்தில் மூன்றாவதாக, உடலை வலுவாக்க வருபவர் நுழைகிறார்.

இந்த நுழைவு அண்மைக்காலத்தில் பெரிய கேள்வியாகவும் ஆயிற்று. பாரசநாத் வனவிலங்குச் சரணாலயத்தைச் சுற்றிலும் 2019 ஆகஸ்டில் மத்திய அரசு சூழல் உணர்திறன் மண்டலம் ஒன்றை அறிவித்தது. சரணாலயத்தையொட்டிய நிலங்களில் எவை அனுமதிக்கப்படும், எவை கட்டுப்படுத்தப்படும் என்று வகுக்கும் ஏற்பாடு அது. அதில் சூழல் சுற்றுலாவுக்கு இடமிருந்ததால், புனிதமலை பொழுதுபோக்குத் தலமாகிவிடும் என்று அஞ்சிய சமணர்கள் 2022 டிசம்பரில் நாடெங்கும் அமைதிப் பேரணிகள் நடத்தினர்; 2023 ஜனவரி 5 அன்று மத்திய அரசு சுற்றுலா தொடர்பான கூறுகளை நிறுத்திவைத்ததோடு, மது, உரத்த இசை, செல்லப்பிராணிகளைக் கொண்டுவருதல், அனுமதியின்றி முகாமிடுதல், அனுமதியின்றி மலையேற்றம் செய்தல் ஆகியவற்றின் மீதான தடையைக் கண்டிப்பாகச் செயல்படுத்துமாறு மாநில அரசைப் பணித்தது. அதே மாதத்தில் சந்தால் அமைப்புகளும் மராங் புருவின் மீதுள்ள தங்கள் உரிமையை வலியுறுத்தித் திரண்டன. இதன் நடைமுறைப் பொருள் தெளிவானது: காட்டுக்குள் புதுத்தடம் கண்டு ஏறுவதும், முகட்டில் கூடாரம் அடிப்பதும் இங்கே கூடாது, யாத்திரிகர் பாதையில், யாத்திரிகர் நடக்கும் முறையில் நடப்பவருக்கு மட்டுமே மலை திறந்திருக்கிறது. உடற்பயிற்சியை விரும்புவோர் இதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. அந்த முறையே மிகத் தேர்ந்த பயிற்சிமுறையாக இருப்பதை ஏறத் தொடங்கியதும் உணரலாம்.

யாத்திரை அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே தொடங்கிவிடுகிறது. மதுபன் கடைத்தெருவில் கைவிளக்கு வெளிச்சத்தில் மூங்கில் தடிகளை அடுக்கிவைத்து விற்கிறார்கள். வெள்ளியங்கிரி ஏறுவோர் பூண்டி அடிவாரத்தில் வாங்கும் தடியைப் போன்றதே இதுவும், உயரம் ஏறக்குறைய ஆளின் மார்பளவு. வெண்ணிற வேட்டியும் சேலையும் அணிந்த முதியவர்கள், பலர் வெறுங்காலோடு, இருட்டில் வரிசையாக ஏறுகிறார்கள். பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் முதல் அரை மணி நேரத்தில் அவர்களையெல்லாம் முந்திச் செல்வார்கள். இரண்டாவது மணி நேரத்தில் வழியோரக் கல்லில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அதே முதியவர்கள் எங்கும் நில்லாமல் அவர்களைக் கடந்து போவார்கள். காரணம் எளிது. தசைக்குத் தேவைப்படும் ஆக்சிஜனை இரத்தம் கொண்டுசேர்க்கும் வேகத்துக்குள் நடந்தால் மணிக்கணக்கில் நடக்கலாம். அந்த எல்லையை மீறினால் தசை ஆக்சிஜன் போதாத வழியில் ஆற்றலை எடுக்கத் தொடங்கி, விரைவில் சோர்ந்துவிடும். எல்லை எதுவென்று அறியக் கருவி வேண்டியதில்லை. பேசிக்கொண்டே ஏற முடிந்தால் எல்லைக்குள் இருக்கிறோம் என்று உடற்பயிற்சியியலார் சொல்கிறார்கள். யாத்திரிகர்கள் ஏறும் வழியெல்லாம் மந்திரத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டும் பதங்களைப் பாடிக்கொண்டும் போகிறார்கள். பாட முடியாத வேகத்தில் அவர்கள் ஏறுவதே இல்லை.

நேரத்தைக் கணிக்க, வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-இல் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு அறுநூறு மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். இருபத்தேழு கிலோமீட்டருக்கும் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் அவ்விதிப்படி ஏழு மணி நேரம் ஆகிறது. ஆனால் அது குளிர்நாட்டில், பழகிய கால்களுக்கு, நில்லாமல் நடப்பதற்கான கணக்கு. சன்னிதிதோறும் நின்று வணங்கி, முகட்டின் சிறு ஏற்ற இறக்கங்களையும் கடந்து வருவோர் பலருக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் தம் உடலை ஆயிரம் மீட்டர் உயர்த்துவதற்கான வேலை 140 கிலோகலோரி அளவே. ஆயினும் தசை தான் செலவிடும் ஆற்றலில் நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கையே வேலையாக மாற்றி, எஞ்சியதை வெப்பமாக வெளியிடுவதால், உண்மையான செலவு 560 முதல் 700 கிலோகலோரி வரை ஆகும். அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் வியர்வை. கொல்கத்தாவின் ஈரக்காற்றில் வியர்வை உலராமல் வழிந்தோடும். இங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வீசும் உலர்காற்றில் அது உடனே ஆவியாகி உடலைக் குளிர்விப்பதால், வியர்த்ததே தெரியாமல் உடல் நீரை இழக்கும்.

இம்மலையில் நடையைக் கற்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவர்கள் டோலி சுமப்பவர்கள். சபரிமலையில் நீலிமலை ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு டோலி பழக்கமானதே. இங்கே மூங்கில் கம்பில் தொங்கவிட்ட ஒரு சிறு இருக்கையை இருவரோ, எடை கூடினால் நால்வரோ தோளில் சுமக்கிறார்கள். ஆளின் எடையைப் பார்த்துக் கூலி பேசப்படுகிறது. சுற்றுப்பட்டுச் சிற்றூர்களைச் சேர்ந்த அந்த ஆட்களின் கால்களை மட்டும் சிறிது நேரம் பின்னால் நடந்து பார்த்தால் போதும். ஒவ்வோர் எட்டும் ஒரு பாதத்தின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலே. செங்குத்தான இடம் வந்தால் எட்டு இன்னும் குறுகுமே தவிர, தாளம் மாறுவதில்லை. பாதம் முழுவதும் தரையில் படுகிறது, குதிகாலைத் தூக்கி நுனிவிரலில் ஏறுவது இல்லை. அதனால் கெண்டைக்கால் தசை ஓய்வாக இருக்க, வலிய தொடையும் இடுப்பும் சுமையை ஏற்கின்றன. முன்னால் இருப்பவர் ஒரு சிறு ஒலி எழுப்புகிறார். இருவரும் ஒரே கணத்தில் கம்பைத் தலைக்கு மேலாக மறுதோளுக்கு மாற்றுகிறார்கள், இருக்கை ஆடுவதில்லை. நகரத்தில் காசு கொடுத்துக் கற்கும் நுணுக்கங்கள் அனைத்தும் அந்தக் கால்களில் இருக்கின்றன. அவர்களுக்கு இது உடற்பயிற்சி அன்று, அன்றாட உணவு. இந்த வேறுபாட்டை மறந்து அந்த நடையை வியப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

பாதி வழியில் கந்தர்வ நாலா, அதற்கு மேலே சீதா நாலா என்ற இரு ஓடைகள் வருகின்றன. உணவைப் பற்றிய கேள்வி இங்கேதான் எழுகிறது. சமண யாத்திரிகர்கள் மலைமேல் எதையும் உண்பதில்லை. சிலர் நீரும் அருந்துவதில்லை. உடற்பயிற்சியியலோ, ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட கடும் உழைப்பில் தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்ட கிளைகோஜன் என்னும் மாவுச்சத்து குறையத் தொடங்குவதால், இடையிடையே சிறிது உண்ண வேண்டும் என்கிறது. பழகாதவர் நோன்பாளியைப் பின்பற்றி நீரின்றி ஏறுவது ஆபத்து. பிறர் நோன்பிருக்கும் சன்னிதி வாசலில் பொட்டலத்தைப் பிரிப்பது அநாகரிகம். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி இருக்கிறது: முந்தின மாலை நன்றாக உண்பது, நீரோடு சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துச்செல்வது, உலர்பழம் தேவைப்பட்டால் ஓடைக்கரையோடு அதை முடித்துக்கொள்வது, உறையைப் பையிலேயே வைத்துக்கொண்டு இறங்குவது. நீரிழிவு உள்ளவர்களும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேளாமல் இவ்வேற்றத்தைத் தொடங்கக் கூடாது என்பதை எவ்வளவு முறை சொன்னாலும் தகும்.

கௌதம சுவாமி டோங்க்கில் ஏற்றம் முடிந்து சுற்று தொடங்குகிறது. சால் காடு கீழே தங்கிவிட, காற்றும் புல்லும் பாறையும் கொண்ட முகடு திறக்கிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை பாகை வீதம் வெப்பம் குறைவதால், மதுபனில் கழற்றிய கம்பளி இங்கே மறுபடியும் தேவைப்படுகிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் எண்பத்தைந்து விழுக்காடு அளவுக்குக் குறைந்திருந்தாலும், இந்த உயரம் மலைநோயை உண்டாக்காது. கிழக்குக் கோடியில் தனித்து நிற்கும் சந்திரப்பிரபர் டோங்க்குக்குப் போகும் வழிதான் சுற்றில் கடுமையானது; வெகுவாக இறங்கி மறுபடியும் ஏற வேண்டும், அதே வழியில் திரும்பவும் வேண்டும். ஒன்பது கிலோமீட்டர் ஏறிவிட்டோம், இனிச் சமநடைதான் என்று எண்ணியவர்களின் மனம் தளரும் இடம் அதுவே. முகட்டின் நடுவே ஜல மந்திர்; மேற்குக் கோடியில், மலையின் உச்சியில், பார்சுவநாதர் ஆலயம். தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் தாமோதர் சமவெளி புகைநிறத்தில் விரிகிறது. நிலக்கரிச் சுரங்கங்களும் ரயில் பாதையும் நெல்வயல்களும் ஒரே தளத்தில் கிடக்க, அந்தத் தளம் கிழக்கே சரிந்து சரிந்து கொல்கத்தாவில் போய் முடிகிறது என்பதை நினைக்கையில், நகரத்தின் தட்டையான வாழ்க்கையும் இம்மலையிலிருந்து தொடங்கும் ஒரு நீண்ட சரிவின் கடைசிப் பகுதியே என்று தோன்றும்.

பிறகு இறக்கம். ஏறும்போது தொடையின் முன்புறத் தசைகள் சுருங்கி உடலை உயர்த்துகின்றன. இறங்கும்போது அதே தசைகள் உடல் விழுந்துவிடாமல் பிடித்துக்கொண்டே நீள்கின்றன. நீண்டுகொண்டே விசை கொடுக்கும் இவ்வகை உழைப்புக்கு ஆற்றல் குறைவாகவே செலவாகும், மூச்சும் வாங்காது; ஆனால் தசைநார்களில் நுண்ணிய கிழிவுகளை உண்டாக்குவதும் இதுவே. மூட்டின்மீது உடல் எடையைப்போல் சில மடங்கு விசை ஒவ்வோர் எட்டிலும் இறங்குகிறது. மூன்றாவது கிலோமீட்டரில் முழங்காலுக்கு மேலே ஒரு நடுக்கம் தொடங்கும்; நின்றால் தொடை தானாகவே துள்ளும். அப்போதுதான் காலையிலிருந்து அலங்காரமாக வந்த மூங்கில் தடி தன் வேலையைச் செய்கிறது: தடியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, எடையில் ஒரு பங்கைத் தோளுக்கும் கைக்கும் கொடுத்து, முழங்காலைச் சற்று மடித்தே வைத்துக்கொண்டு பாதத்தைப் பதித்தால், மூட்டில் அடி விழுவது பெரிதும் குறைகிறது. முதியவர்கள் செங்குத்தான இடங்களில் பக்கவாட்டில் திரும்பி, குறுக்கும் நெடுக்குமாக இறங்குகிறார்கள். அவசரப்பட்டு ஓடி இறங்கும் இளைஞர்களின் சுளுக்கிய கணுக்காலுக்கு மதுபன் கடைகளில் தைலம் விற்பனையாகிறது.

இந்த வலி அன்றே முழுதாகத் தெரிவதில்லை. ஒரு நாள் கழித்துத் தலைகாட்டி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்தில் அடங்கிவிடும். பிந்தி வரும் தசைவலி என்று இதற்குப் பெயர். இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இவ்வாறு இறங்கிப் பட்ட தசை அடுத்த சில வாரங்களுக்குள் அதே அளவு இறங்கினால் முன்போல் வலிக்காது. முதல் இறக்கமே அடுத்த இறக்கத்துக்குக் காப்பாகிவிடுகிறது. மாடிப்படியில் ஏறியவர்கள் மின்தூக்கியை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் நடந்தே இறங்கியிருந்தால், இந்தக் காப்பில் பாதியைக் கொல்கத்தாவிலேயே ஈட்டியிருக்கலாம். இமயத்துக்குப் போகவிருப்போர் பெரும்பயணத்துக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் பாரசநாத்துக்கு வந்துபோவதன் பயன் இதுதான். உயரத்துக்கு உடலைப் பழக்க இம்மலை போதாது, இறக்கத்துக்குப் பழக்க இதுவே போதும்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் விடியலில், திரும்பும் ரயில் ஹௌராவை அடைகிறது. நிலையத்தை அடுத்துப் பூமிக்கு அடியில் இருக்கிறது, 2024 மார்ச்சில் திறக்கப்பட்ட ஹௌரா மெட்ரோ நிலையம். ஏறக்குறைய முப்பது மீட்டர் கீழே உள்ள அது இந்திய மெட்ரோ நிலையங்களுள் மிக ஆழமானது, அங்கிருந்து புறப்படும் வண்டி ஹூக்ளியின் அடியாகச் சென்று மறுகரையில் ஏறுகிறது. மலையே இல்லாத நகரத்தில் பத்து மாடி உயரத்துக்குப் பூமிக்குள்ளேயே இறங்க வாய்க்கும் இடம் இது. நகரும் படிக்கட்டில் கூட்டம் நிரம்பி வழிய, பக்கத்தில் வெறுமையாகக் கிடக்கும் கற்படிகளில் தோளில் பையும் கையில் மூங்கில் தடியுமாகச் சிலர் இறங்குகிறார்கள்: தடி முதலில், பிறகு சற்று மடங்கிய முழங்கால், பிறகு முழுப்பாதம்.